வலென்சியாவில் தண்ணீர் போன வழியே நாலு நாள்

கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகிற நம்மாட்களில் அநேகம் பேர் ஊர் பார்க்கப் போவதில்லை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். பாரிசில் அக்கா, ஜெர்மனியில் சித்தப்பா, சுவிசில் கூடப் படித்தவன். நானும் அப்படித்தான் போனேன். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தோசை தின்று, ஐஃபில் கோபுரத்துக்கு முன்னால் நின்று படமெடுத்து, அக்காவின் மாமியாரைக் கூட்டிக்கொண்டு லூர்து மாதாவிடமும் போய்வந்த பிறகு, விசாவில் இன்னும் ஒன்பது நாள் மிச்சம் கிடந்தது. பாரிசுக்கு எடுத்த ஷெங்கன் விசாவிலேயே ஸ்பெயினுக்கும் போகலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பார்சிலோனாவில் அறை வாடகையைப் பார்த்துவிட்டு, மத்தியதரைக் கடலோரமாக இன்னும் கொஞ்சம் தெற்கே இறங்கி வலென்சியாவைப் பிடித்தேன்.

ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம். ஆனால் வெள்ளவத்தையில் பத்துப் பேரிடம் கேட்டால், பந்து பார்க்கிற ஒருவர் மட்டும்தான் தெரியும் என்பார். போகிறவர்களும் வெள்ளைத் திமிங்கில எலும்பு மாதிரிக் கட்டிவைத்திருக்கிற கலை அறிவியல் நகரத்தின் முன்னால் படமெடுத்து, மத்திய சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றி, கடற்கரையில் காலை நனைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதெல்லாம் நல்ல இடங்கள்தான், பாருங்கள், அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வருவது வேறு. இந்த ஊரில் தண்ணீர் எந்த வழியே வந்ததோ, எந்த வழியே திருப்பிவிடப்பட்டதோ, எங்கே போய்த் தேங்கியதோ, அந்த வழியே நடந்தால் ஊர் தானாகவே விளங்கிவிடும். வழியில் கூட்டமும் குறைவு.

முதலில் நாளைச் சரிபண்ணிக்கொள்ளுங்கள். புதன் பின்னேரம் போய்ச் சேர்ந்து, ஞாயிறு இரவோ திங்கள் காலையோ கிளம்புகிற மாதிரிப் பயணச்சீட்டு எடுங்கள். நடுவில் ஒரு வியாழக்கிழமை கட்டாயம் வேண்டும், காரணம் கீழே வரும். கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடாவில் மாறி மாட்ரிட்டிலோ பார்சிலோனாவிலோ இறங்கினால், மாட்ரிட்டிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள், பார்சிலோனாவிலிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் வந்துவிடலாம். பாரிசிலிருந்து என்றால் மலிவு விமானங்கள் இருக்கின்றன, பெட்டியின் நிறையை மட்டும் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு மெட்ரோ ஓடுகிறது, மூன்றாம் ஐந்தாம் இலக்கப் பாதைகள். டாக்சி வேண்டியதில்லை.

வியாழன் பன்னிரண்டு மணி

கதீட்ரலுக்குப் பின்பக்கம் பிளாசா தெ லா விர்ஹென் என்றொரு சதுக்கம் இருக்கிறது. நடுவில் ஒரு நீரூற்று, அதில் ஒரு ஆண் சாய்ந்து கிடக்கிறான், சுற்றிவர எட்டுப் பெண்கள் குடத்தோடு இருக்கிறார்கள். கண்டவர்கள் எல்லாரும் ஏதோ கிரேக்கக் கதை என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். இல்லை, அந்த ஆண் துரியா ஆறு. பெண்கள் எட்டுப் பேரும் அந்த ஆற்றிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகிற எட்டு வாய்க்கால்கள். அந்த எட்டில் ஒன்றின் பெயர் மெஸ்தாய்யா. பந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில் காது நிமிரும். ஆம், வலென்சியா கழகத்தின் மைதானத்துக்கு அந்தப் பெயர் வந்ததே பக்கத்தில் ஓடிய வாய்க்காலால்தான்.

வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கே போய் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலுக்கு முன்னால் இடம் பிடியுங்கள். வாசலில் வட்டமாகக் கதிரைகள் போட்டு, ஒரு கம்பி வேலி வைத்திருப்பார்கள். மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்ததும் கறுப்பு அங்கி போட்ட எட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். இவர்கள் தண்ணீர் நீதிமன்றத்தின் நீதிபதிகள். ஆனால் சட்டம் படித்தவர்கள் இல்லை, கமக்காரர்கள். ஒவ்வொரு வாய்க்காலிலும் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் தங்களுக்குள் தெரிவு செய்து அனுப்பியவர்கள். காவலாள் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, இதில் யார் மேலாவது முறைப்பாடு உண்டா என்று கூவுவார். எவன் முறை தவறி மடையைத் திறந்தான், எவன் தன் பங்கு வாய்க்காலைத் துப்புரவாக்காமல் விட்டான், எவன் பக்கத்து வயலை வெள்ளத்தில் மூழ்கடித்தான், இவைதான் வழக்குகள். எல்லாம் வாய்ப்பேச்சு. அங்கேயே விசாரித்து அங்கேயே தீர்ப்பு. எந்த வாய்க்கால்காரர் மேல் முறைப்பாடோ அந்த வாய்க்காலின் நீதிபதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி.

மட்டக்களப்புப் பக்கம் வயல் உள்ளவர்களுக்கு இதைப் பற்றி விளக்கவே தேவையில்லை. வட்டவிதானையார் எந்த வயல்கண்டத்துக்கு எப்போது தண்ணீர் என்று சொல்கிற மாதிரித்தான். அங்கே அதைக் கதீட்ரல் வாசலில் வைத்து நூற்றாண்டு நூற்றாண்டாகச் செய்துவருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அராபியர் ஆண்ட காலத்திலேயே தொடங்கிய வழக்கம் என்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோவும் இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. பல வியாழன்களில் வழக்கு ஒன்றுமே இருக்காது. எட்டுப் பெயரையும் கூப்பிடுவார்கள், யாரும் வரமாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள், ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான் போன அன்றும் அதேதான். பக்கத்தில் நின்ற ஒருவர் இதற்குத்தானா ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம் என்று முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டை இல்லாவிட்டாலும் வாராவாரம் வந்து உட்காருகிறார்களே, அதைப் பார்க்கத்தான் போனேன்.

அந்தச் சதுக்கத்தைச் சுற்றி

அதே மத்தியானம் இரண்டு நிமிடம் நடந்தால் லா அல்மோய்னா என்ற நிலத்தடி அருங்காட்சியகம். சதுக்கத்தின் தரையில் ஒரு கண்ணாடிக் குளம் இருக்கும், மேலே மெல்லிதாகத் தண்ணீர் ஓடும். குனிந்து பார்த்தால் கீழே ரோமர் காலத்துத் தெரு தெரியும். பலர் குனியாமலேயே அதைத் தாண்டிப் போகிறார்கள். கீழே இறங்கினால், கிறிஸ்துவுக்கு முன் 138இல் ரோமர் இந்த ஊரை நிறுவிய நாளிலிருந்து அடுக்கடுக்காக எல்லாம் இருக்கிறது: குளியல் கூடம், தெருச் சந்தி, களஞ்சியம், பிறகு ரோமருக்குப் பின் ஆண்ட விசிகோத்தியர், பிறகு அராபியர். கிறிஸ்துவுக்கு முன் 75இல் ஊரை அழித்தபோது கொல்லப்பட்ட வீரர்களின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இரண்டு யூரோ அளவுதான், நகரசபையின் அருங்காட்சியகங்கள் பல ஞாயிற்றுக்கிழமையில் இலவசம். திங்கட்கிழமை பல இடங்கள் பூட்டியிருக்கும்.

சான் நிக்கோலாஸ் தேவாலயத்தைத் தெரியாத இடம் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2016இல் கூரை ஓவியங்களைத் துடைத்துத் திறந்ததிலிருந்து அது எல்லாருக்கும் தெரிந்த இடம். நேரமிருந்தால் போங்கள்.

அதைவிடக் கோட்டை வாசல்கள் நல்லது. பழைய மதிலில் மிஞ்சியவை இரண்டு: செர்ரானோஸ், குவார்த். படத்தில் வருவது செர்ரானோஸ். ஆனால் குவார்த்தின் வெளிப்பக்கம் போய் நின்று பாருங்கள், சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள். 1808இல் நெப்போலியனின் படை அடித்த பீரங்கிக் குண்டுகளின் அடையாளம், மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கொழும்பில் கோட்டை என்று பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது, மதிலைத் தேடினால் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ நான் அங்கே கனநேரம் நின்றேன்.

செர்ரானோஸுக்கு வேறொரு கதை உண்டு. ஸ்பானிய உள்நாட்டுப் போரில், 1936 நவம்பரில் குடியரசு அரசாங்கம் மாட்ரிட்டை விட்டு வலென்சியாவுக்கு வந்து, ஏறக்குறைய ஓராண்டு இதுவே தலைநகராக இருந்தது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தின் ஓவியங்களும் லொறியில் வந்தன. அவற்றை இந்தக் கோபுரத்துக்குள்தான் வைத்தார்கள். குண்டு விழுந்தால் தாங்கவேண்டுமென்று உள்ளே கொங்கிறீட்டால் ஒரு மேற்தளம் கட்டி, அதிர்வை வாங்க அதன்மேல் நெல் உமியைக் குவித்தார்கள். உலகத்தின் விலைமதிப்பற்ற ஓவியங்களுக்கு மெத்தை உமி! பக்கத்திலேயே வயல் இருக்கிற ஊருக்குத்தான் அந்தப் புத்தி வரும்.

பழைய நகரத்துக்குள் நடக்கும்போது சுவர்களில் ரெஃபூகியோ என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைக் காண்பீர்கள், செர்ரானோஸ் தெருவில் ஒன்று நன்றாகத் தெரிகிறது. எழுத்தின் வடிவைப் பார்த்துப் பழைய தியேட்டர் என்று நினைத்தேன். விமானக் குண்டுவீச்சிலிருந்து ஒதுங்கக் கட்டிய பதுங்கு குழிகள் அவை. ஒன்றிரண்டைப் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள், முன்பதிவு வேண்டும். பங்கர் என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. கூட வருகிறவர்களில் யாருக்கு அதற்குள் இறங்க மனமில்லையோ அவர்களை வற்புறுத்தாமல் வெளியே ஒரு கோப்பிக் கடையில் உட்காரவைத்துவிட்டுப் போங்கள்.

ஆறு இல்லாத ஆற்றில்

1957 ஒக்டோபர் 14 அன்று துரியா பெருகி ஊருக்குள் புகுந்தது, எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில்தான் இலங்கையிலும் பெருவெள்ளம் வந்து குளங்கள் உடைந்தன. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஐம்பத்தேழு வெள்ளம் என்று கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள். வலென்சியாக்காரர் அதற்குப் பிறகு ஆற்றையே தூக்கி ஊருக்குத் தெற்கே புதிய வாய்க்காலில் விட்டுவிட்டார்கள். ஊருக்கு நடுவே பழைய ஆற்றுப்படுகை வெறுமையாகக் கிடந்தது. அரசாங்கம் அதற்குள் நெடுஞ்சாலை போட நினைத்தது. படுகை எங்களுடையது, எங்களுக்குப் பச்சையாக வேண்டும் என்று சனம் எழும்பியது. சனம் வென்றது. இன்று சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்கா.

இதில் எல்லாரும் கடல் பக்க முனையில், அந்த வெள்ளைக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். நீங்கள் எதிர்முனையில், மேற்கே கபெசேரா பூங்காவில் இறங்கிக் கிழக்கே நடங்கள். வாடகைக்குச் சைக்கிள் எடுத்தால் இன்னும் நல்லது, முழுக்க ஆற்றுக்குள்ளேயே போவதால் ஒரு சந்தியிலும் நிற்கவேண்டாம், சிக்னல் இல்லை. தலைக்கு மேல் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், நடுக்காலத்துக் கற்பாலம், பிறகு புதிய பாலம், பிறகு பூச்சட்டி அடுக்கிய பாலம். தண்ணீர் ஓடவேண்டிய இடத்தில் நின்று அண்ணாந்து பாலத்தைப் பார்ப்பது ஒரு விசித்திரமான உணர்வு. பிள்ளைகள் இருந்தால் கல்லிவரிடம் கொண்டுபோய் விடுங்கள். கயிற்றால் கட்டிப்போட்ட ஒரு பெரிய மனிதன் மல்லாந்து கிடக்கிறான், அவன் கை, மயிர், சட்டை மடிப்பு எல்லாமே சறுக்குமரம். இலவசம். பெரியவர்களும் சறுக்குகிறார்கள், வெட்கப்படாதீர்கள், காற்சட்டை தேயும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

2024 ஒக்டோபர் 29 வெள்ளத்தைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 220க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆற்றைத் திருப்பிய அந்தப் புதிய வாய்க்கால் நகரத்தின் நடுப்பகுதியைக் காப்பாற்றியது, அதற்குத் தெற்கே இருந்த பைபோர்த்தா போன்ற சிற்றூர்கள்தான் அடிபட்டன. களனி கங்கை பெருகும்போது கொலன்னாவையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். அந்த ஊர்களுக்குச் சேதம் பார்க்கப் போகாதீர்கள்.

கபன்யால்: கடலோரத்து மீனவர் தெரு

கடற்கரைக்கு டிராமில் போகிறவர்கள் மல்வர்ரோசா மணலில் இறங்கிவிடுவார்கள். அதற்குச் சற்று முன்னால், கடலுக்குச் சமாந்தரமாக நீளநீளமாக ஓடுகிற ஒடுங்கிய தெருக்கள்தான் கபன்யால். நம் முகத்துவாரம் மாதிரி ஊர், கடலை நம்பிப் பிழைத்தவர்களின் ஊர். 1897 வரைக்கும் வலென்சியாவோடு சேராமல் தனி நகரசபையாகவே இருந்தது. வீட்டு முகப்பெல்லாம் பச்சை, நீலம், மஞ்சள் ஓடுகள். முதல் பார்வைக்குக் குளியலறை டைல்சைத் தெருப்பக்கம் ஒட்டிவிட்டார்களோ என்றிருக்கும். நாலு வீடு தாண்டியதும் கண் பழகி, பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் நின்று நின்று போவீர்கள்.

ஒரு பெருந்தெருவைக் கடல்வரை நீட்டுவதற்காக இங்கே ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட வீடுகளை இடிக்க நகரசபை திட்டம் போட்டது. 1998இலிருந்து ஊர்க்காரர் விடாமல் எதிர்த்தார்கள். 2015இல் திட்டம் கைவிடப்பட்டது. அதனால்தான் சில தெருக்களில் பல் விழுந்த மாதிரி வெற்றுக்காணி இருக்கும், இடித்ததும் இருக்கிறது, தப்பியதும் இருக்கிறது.

இங்கே காலை பத்து மணிக்குப் போங்கள். காரணம் சாப்பாடு. வலென்சியாக்காருக்குக் காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் எஸ்மொர்சாரெத் என்றொரு சாப்பாடு உண்டு. நம் கந்தோரில் பத்து மணித் தேத்தண்ணிக்கு ரோல்சும் பற்றீசும் வரும் அல்லவா, அதன் பெரியண்ணன். முழங்கை நீளப் பாணுக்குள் ஏதாவது வைத்து, பக்கத்தில் தோலோடு வறுத்த கடலை, ஒலிவ் காய், குடிக்க ஏதாவது, கடைசியில் கோப்பி. சைவம் என்றால் தோர்தியா தெ பதாத்தா கேளுங்கள், உருளைக்கிழங்கு முட்டைப் பொரியல், முட்டையும் ஆகாதென்றால் இந்தச் சாப்பாட்டை விட்டுவிடுவது நல்லது. கிரெமாயெத் என்ற கோப்பியைக் கேட்டால் அதில் ரம்மைக் கொளுத்தி ஊற்றியிருப்பார்கள், பத்து மணிக்கே. மாமியாரோடு போனால் யோசித்துக் கேளுங்கள்.

பெரிய கிழமையில் போகக் கிடைத்தால், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இங்கே மனம் ஒட்டிக்கொள்ளும். மீனவர் தெருக்களில் ஊர்வலம், பெரிய வெள்ளி விடிய சிலுவையிலுள்ள ஆண்டவரின் உருவத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கடலில் மாண்டவர்களுக்காகச் செபம். இதே பகுதியில் பழைய நெல் ஆலை ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது, மர இயந்திரம் முழுதாக நிற்கிறது. சின்ன இடம், அரை மணி போதும், பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

கோரைக்கிழங்குப் பால்

மூன்றாம் இலக்க மெட்ரோவில் வடக்கே அல்போராயாவுக்குப் போனால், மாடி வீடுகள் சட்டென்று முடிந்து தோட்டம் தொடங்கும். இங்கேதான் சூஃபா விளைகிறது. பெயரைக் கேட்டு மலைக்காதீர்கள், நம் முற்றத்தில் பிடுங்கிப் பிடுங்கி எறிகிற கோரையின் நெருங்கிய சொந்தக்காரன். முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அந்தக் குடும்பம். அந்தக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து சீனி போட்டுக் குளிரவைத்தால் ஒர்ச்சாத்தா. தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரியேதான். மாட்டுப்பால் இல்லை, முட்டை இல்லை, விரதகாரரும் குடிக்கலாம். கூடவே ஃபர்தோன் என்ற நீளப் பணிஸ் தருவார்கள், முக்கித் தின்னவேண்டும். பணிசில் முட்டை இருக்கும், கவனம்.

நகரத்துக்குள்ளும் ஒர்ச்சாத்தாக் கடைகள் இருக்கின்றன, ஆனால் கிழங்கு விளைகிற ஊரில், வயலைப் பார்த்துக்கொண்டே குடிப்பதற்கு ஈடில்லை. பிறகு பழைய ரயில்பாதையைச் சைக்கிள் பாதையாக்கிய வியா சூர்ராவில் கொஞ்சம் நடங்கள். இரண்டு பக்கமும் வெங்காயம், சலாது, கூனைப்பூ, நடுவே வாய்க்கால். வியாழக்கிழமை நீங்கள் பார்த்த அந்த எட்டுப் பேர் காவல் காக்கிற தண்ணீர் இந்தத் தோட்டங்களுக்குத்தான் வருகிறது.

அல்புஃபெரா

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மற்றதில் எதை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள்.

நகரத்துக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் ஒரு பெரிய நன்னீர் ஏரி. கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணல் பட்டியும் தேவதாரு போன்ற பைன் காடும்தான். அராபியர் வைத்த பெயர், சின்னக் கடல் என்று பொருள். பெயருக்குத்தான் கடல், ஆழம் பெரும்பாலான இடங்களில் ஒரு மீற்றர் அளவு. சுற்றிவர வயல், வயல், வயல். கமக்காரர் தலைமுறை தலைமுறையாகச் சேற்றை வாரிப் போட்டு வயலாக்கி வந்ததில் ஏரி சுருங்கிவிட்டது. கடலுக்குப் போகிற வாய்க்கால்களுக்குக் கோலா என்று பெயர், அவற்றில் மதகு போட்டிருக்கிறார்கள், நெல்லுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்துத் திறந்து மூடுவார்கள்.

எந்த மாதம் போகிறீர்களோ அதைப் பொறுத்து வேறு வேறு ஊராக இருக்கும். மே மாதத்தில் தண்ணீர் கட்டி விதைப்பார்கள். ஜூலையில் கண்ணுக்கெட்டியவரை பச்சை, அம்பாறையா ஸ்பெயினா என்று சந்தேகம் வரும். செப்டெம்பரில் அறுவடை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வயலை வெள்ளத்தில் விடுவார்கள், அப்போது அந்தி சாயும் நேரம் நிலம் முழுவதும் கண்ணாடி. படம் பிடிக்க ஆசை உள்ளவர்களுக்கு அந்த மாதங்கள்தான் சரி. பறவைகளும் அப்போதுதான் கூடுதல்.

எல் பால்மார் என்ற கிராமத்துக்கு நகரத்திலிருந்தே 24ஆம் இலக்க பஸ் போகிறது. 100ஆம் இலக்க பஸ்சில் பாணந்துறை போகிற அளவு நெரிசல் இல்லை, ஆனால் அடிக்கடியும் இல்லை, நேரசூசியைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஒரு காலத்தில் இது ஏரிக்கு நடுவே தீவு. கூரை செங்குத்தாகச் சரிந்த, உச்சியில் சிலுவை வைத்த ஓலை வீடுகள் ஒன்றிரண்டு இன்னும் இருக்கின்றன. இந்த ஊர் மீனவர் சங்கம் ஏரியில் எவருக்கு எந்த இடம் என்பதை வருடாவருடம் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறது. நல்ல முறைதான், ஆனால் அந்த உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போனது. பெண்கள் வழக்குப் போட்டுத்தான் அதை மாற்றினார்கள்.

மத்தியானம் ஒரு மணிக்குள் போய்ச் சேருங்கள், ஏனென்றால் பாயேயா என்ற சட்டிச்சோறு மத்தியானச் சாப்பாடு. இரவில் பாயேயா கேட்கிறவனைப் பார்த்தால், இரவு பத்து மணிக்குப் பாற்சோறு கேட்கிறவனைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள். அது பிறந்ததே இந்த வயல்களில்தான். உண்மையான வலென்சியாப் பாயேயாவில் றாலும் கணவாயும் கிடையாது, கோழி, முயல், தட்டையான பச்சைப் போஞ்சி, வெள்ளைப் பெரிய அவரை, குங்குமப்பூ. மிளகாய் அறவே இல்லை, புரியாணி என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தட்டு மாதிரிச் சட்டியில், அரிசி ஒரு விரல் கனத்துக்கு மேல் இருக்காமல், கிளறாமல் வேகவிடுவார்கள். அடியில் பிடிக்கிற காந்தல் இருக்கிறதே, அதற்கு சொகர்ராத் என்று பெயர், அதற்குத்தான் போட்டி. நம் வீட்டில் அடிப்பிடித்தால் அம்மாவிடம் ஏச்சு விழும், இங்கே அடிப்பிடிக்காவிட்டால் சமையற்காரனுக்கு ஏச்சு. பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறையச் சமைக்க மாட்டார்கள், தனியாகப் போனால் முதலிலேயே கேளுங்கள். மரக்கறிப் பாயேயாவும் உண்டு. விலாங்கு மீனை உள்ளியும் சிவப்புத் தூளும் போட்டு வைக்கிற குழம்பு ஒன்றும் இந்த ஊருக்கே உரியது, பார்வைக்கு நம் மீன்குழம்பு, வாய்க்குப் பிள்ளைகளுக்கு வைத்த குழம்பு.

சாப்பிட்டு முடிய வள்ளம் பிடியுங்கள். துறையில் நிற்பார்கள், ஆளுக்குச் சில யூரோ. அந்திக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏறினால் போதும். நாணலுக்குள் போகிற வரைக்கும் இயந்திரச் சத்தம், நடு ஏரியில் நிறுத்துவார்கள், பிறகு சத்தமே இல்லை. வெயில் நாளில் நுளம்பு எண்ணெய் கொண்டுபோங்கள், வயல் உள்ள இடத்தில் நுளம்பு இல்லாமலா? நேரமிருந்தால் திரும்பும் வழியில் எல் சலேர் பக்கம் இறங்கி, தேவேசா பைன் காட்டுக்குள்ளால் கடலுக்கு நடங்கள். அந்தக் காட்டையும் வெட்டி மாடி கட்டத் தொடங்கினார்கள், 1970களில் ஊர் எதிர்த்து நிறுத்தியது. மல்வர்ரோசாவில் இருக்கிற குடைக் கூட்டம் இங்கே இல்லை.

கடைசியாகச் சில்லறை விடயங்கள். மத்தியானச் சாப்பாடு இரண்டு மணி, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குப் பிறகு, ஏழு மணிக்குப் பசித்தால் அறையில் பிஸ்கட் வையுங்கள். சைவக்காரரும் ஹலால் பார்க்கிறவர்களும் மரக்கறி என்று எழுதியிருப்பதை நம்பிவிடாமல் ஹமோன் இருக்கிறதா என்று கேளுங்கள், பன்றி இறைச்சித் துண்டு எங்கே எப்படி வரும் என்று சொல்லமுடியாது. ஓகஸ்ட் மாதம் வேண்டாம், வெக்கை நமக்குப் பழகியதுதான், ஆனால் ஊர்க்காரர் கடையைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போயிருப்பார்கள். மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயஸ் திருவிழா, ஊரே வெடிச்சத்தம், அதைத் தேடிப் போகிறவர்கள் போகலாம், அறை கிடைக்காது. அந்தத் திருவிழாவில் எரிக்கிற பொம்மைகளில் சனம் வாக்குப் போட்டு ஆண்டுதோறும் காப்பாற்றுகிறவற்றை 1934இலிருந்து சேர்த்து வைத்திருக்கிற அருங்காட்சியகம் ஒன்று உண்டு, அதை எந்த மாதத்திலும் பார்க்கலாம்.

சாமான் வாங்குவதென்றால் காந்தம், மேற்சட்டை எல்லாம் விட்டுவிட்டு ஒரு கிலோ பொம்பா அரிசி வாங்குங்கள், துணிப்பையில் கட்டித் தருவார்கள். குட்டை அரிசி, தன் அளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் குடித்தாலும் வெடிக்காது, குழையாது. நான் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன், அரிசியின் குணத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அவள் வெள்ளிக்கிழமை அதில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். இரண்டு முறை தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தும் அரிசி ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. மாமியார் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, தம்பி, இது இன்னும் வேகவில்லை என்றார்.